மார்புக்குச் செய்த கிண்ணம் கடலுக்குள் எவ்வளவு நேரம் நிற்கும்? இ.சி.ஜி. பல்ப்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

இதயத் துடிப்பைப் பதிவு செய்யும்போது நோயாளியின் மார்பில் வரிசையாகப் பொருத்தும் ஆறு உறிஞ்சு கிண்ணங்களைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். மேலே நீல நிற ரப்பர் குமிழும் கீழே வெள்ளி போல் மின்னும் உலோகக் கிண்ணமும் கொண்டவை அவை. சர்ஜிக்கல் கடைகளில் இவற்றை இ.சி.ஜி. பல்ப் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆறு மாதங்களுக்கு முன் ஒரு பெட்டி வாங்கினேன். இன்றுவரை அவை எந்த மார்பிலும் ஒட்டப்படவில்லை. கடலுக்குள் சிறு கருவிகளைத் தற்காலிகமாகப் பொருத்தி வைக்கும் நங்கூரமாக இவை உதவுமா என்று பார்ப்பதற்காகவே வாங்கினேன். அந்தப் பயன்பாட்டை மனத்தில் கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மருத்துவமனையில் இவை எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லும் தகுதி எனக்கில்லை.

தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடாக் கரையில், மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்ப்போருக்கு நீரின் வெப்பநிலையைப் பதியும் கருவிகளைப் பொருத்திப் பராமரிப்பது என் தொழில். கூண்டின் குழாய்களிலும் கயிறுகளிலும் கருவியைக் கட்டுவது எளிது. ஒரு கேபிள் டை போதும். சிக்கல் தட்டையான பரப்புகளில்தான். ஃபைபர் படகின் அடிப்புறத்திலோ, நீருக்கடிக் கேமராப் பெட்டியின் பக்கவாட்டிலோ, குஞ்சு பொரிப்பகத்தின் கண்ணாடித் தொட்டியிலோ நான்கைந்து மணி நேரத்துக்கு மட்டும் ஒரு கருவியை நிறுத்திவிட்டு, பிறகு தடம் தெரியாமல் எடுத்துவிட வேண்டியிருக்கும். துளை போடப் படகின் சொந்தக்காரர் ஒப்பமாட்டார். பசை வைத்தால் சுரண்ட வேண்டும். வண்டிக் கண்ணாடியில் பொம்மை தொங்கவிடும் பிளாஸ்டிக் கிண்ணங்கள் உப்புநீரில் ஒரு மாதத்திலேயே விறைத்துப்போகின்றன. இரவு முழுவதும் ஈரத் தோலில் நிற்கும் மருத்துவக் கருவிகளை வகுத்தவர்கள் இதே கேள்விக்கு ஏற்கெனவே விடை கண்டிருப்பார்கள் என்ற எண்ணத்தில்தான் சர்ஜிக்கல் கடைக்குள் நுழைந்தேன்.

இந்த எண்ணம் எனக்கு முன்பே பலருக்குத் தோன்றியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி கோல்ட்போகன் குழுவினர் ஒரு நீலத் திமிங்கிலத்தின் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். நீண்ட கழியின் நுனியில் கருவியை வைத்து, திமிங்கிலம் மூச்சுவிட மேலே வந்த நேரத்தில் அதன் இடது துடுப்புக்கு அருகே ஒட்டினார்கள். கருவி நின்றது நான்கு உறிஞ்சு கிண்ணங்களின் பலத்தில். அவற்றில் இரண்டுக்குள் மின்முனைகள் இருந்தன. அதாவது மருத்துவமனையில் நாம் பார்க்கும் இ.சி.ஜி. பல்பின் அதே ஏற்பாடு. அது எட்டரை மணி நேரம் நின்றது. ஆழத்தில் இருக்கும்போது நிமிடத்துக்கு 2 துடிப்பு வரை இறங்கிய இதயம், மேற்பரப்புக்கு வந்ததும் 37 வரை ஏறியதை அது பதிந்தது. 2019இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்தபோது, துடிப்பின் எண்ணிக்கையைவிட அந்த எட்டரை மணி நேரம்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. நீந்தும், மூழ்கும், உரசும் ஒரு விலங்கின் மேல் வெறும் உறிஞ்சலால் அவ்வளவு நேரம் நிற்க முடியுமானால், அசையாமல் கட்டிக் கிடக்கும் ஒரு படகில் நிற்காதா என்று நினைத்தேன்.

இ.சி.ஜி.க்கும் உப்புநீருக்கும் உறவு புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல ஆசை. நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லம் ஐந்தோவன் முதன்முதலாக இதய மின்னோட்டத்தைத் தெளிவாகப் பதிவு செய்தபோது, மார்பில் ஒட்டும் கிண்ணங்கள் கிடையாது. நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புக் கரைசல் நிரம்பிய பாத்திரங்களில் அமிழ்த்தி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பணிக்காக அவருக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு வந்த உறிஞ்சு கிண்ணம் அந்தப் பாத்திரத்தைச் சுருக்கித் தோலின் மேலேயே கவிழ்த்துவிட்டது எனலாம். கடலுக்குள் இதே கிண்ணம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது: சுற்றியுள்ள உப்புநீர் மின்முனையைத் தொட்டுச் சமிக்ஞையைக் கரைத்துவிடாதபடி, விளிம்பு அதை வெளியே நிறுத்துகிறது. ஆக, விளிம்பு நன்றாக அமர்ந்தால் கருவியும் நிற்கும், பதிவும் தெளிவாக இருக்கும்.

இனி நான் வாங்கிய பொருள். ஆறு பல்புகள் கொண்ட பெட்டிக்கு 540 ரூபாய் கொடுத்தேன். கிண்ணத்தின் உள்விட்டம் 24 மில்லிமீட்டர். நிக்கல் பூசிய பித்தளை. பக்கவாட்டில் ஒயர் செருகுவதற்கான சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. குமிழ் கெட்டியான ரப்பர். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடையின் வாசனை அடிக்கிறது, இரண்டு வாரத்தில் போய்விடுகிறது. ஆறில் ஒன்றின் விளிம்பு நசுங்கியிருந்தது. கடைக்காரர் மாற்றித்தர மறுத்துவிட்டார். பெட்டியை உடைத்துவிட்டீர்கள் என்றார். உடைக்காமல் விளிம்பை எப்படிப் பார்ப்பது என்ற என் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. எனவே என் சோதனைகள் எல்லாம் ஐந்து பல்புகளில் செய்தவை.

முதல் சோதனை கண்ணாடித் தொட்டியில். தொட்டியில் கடல்நீரை நிரப்பி, நீருக்குள்ளேயே குமிழை அமுக்கிக் கிண்ணத்தைக் கண்ணாடியின் உட்புறத்தில் வைத்து விட்டேன். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி நேராக இழுத்தபோது ஏறத்தாழ 650 கிராமில் கழன்றது. நான் பொருத்த விரும்பும் வெப்பநிலைப் பதிவுக் கருவி காற்றிலேயே 36 கிராம்தான். நீருக்குள் அதைவிடவும் குறைவு. இது தாராளம் என்று மகிழ்ந்து, மீண்டும் ஒட்டி, தராசை எடுத்து வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கிண்ணம் தானாகவே கழன்று தொட்டியின் அடியில் கிடந்தது. மறுபடியும் ஒட்டிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஐந்து பல்புகளிலும் இதே கதை.

இந்த இடத்தில்தான் பொருளின் இயல்பு எனக்குப் புரிந்தது. எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது இங்கே கேள்வியே அல்ல. எவ்வளவு நேரம் கசியாமல் இருக்கும் என்பதுதான் கேள்வி. மார்பில் இந்தக் கிண்ணம் நிற்பதற்குக் காரணம் கிண்ணம் மட்டுமன்று, மார்பும்தான். உலோக விளிம்பு தோலை அழுத்துகிறது. தோல் அதன் வடிவத்துக்கு வளைந்து கொடுத்து, விளிம்பைச் சுற்றிலும் பொதிந்துகொள்கிறது. இடையில் பூசும் ஜெல் எஞ்சிய இடுக்கையும் அடைக்கிறது. மென்மை முழுவதும் நோயாளியின் பக்கம் இருக்கிறது. கண்ணாடியும் ஜெல்கோட் (ஃபைபர் படகின் வழவழப்பான பிசின் மேற்பூச்சு) பூசிய படகும் வளைந்து கொடுப்பதில்லை, ஜெல்லோ நீரில் சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது. உலோகமும் கண்ணாடியும் சந்திக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால்கூட அதன் வழியே நீர் மெல்ல உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். மருத்துவக் கருவியைக் கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் செய்யவேண்டிய முதல் மாற்றம், உடலின் பக்கம் இருந்த அந்த மென்மையைக் கருவியின் பக்கம் கொண்டுவருவதுதான். திமிங்கிலக் கருவிகளில் கிண்ணங்களே மென்மையான சிலிகானில் வார்க்கப்படுவதன் காரணமும் அப்போதுதான் எனக்கு உறைத்தது: அங்கே தோலும் மென்மை, கிண்ணமும் மென்மை.

இதை வீட்டிலேயே செய்ய முடிகிறது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சுருக்கமில்லாத பாலித்தீன் தாளை விரித்தேன். மீன்தொட்டி ஒட்டப் பயன்படுத்தும் சிலிகானை, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத வகையாகப் பார்த்து வாங்கி, கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் பூசினேன். உலோகம் தாளைத் தொட்டுவிடாமல் இருப்பதற்காக இரு பக்கமும் தீக்குச்சிகளைப் படுக்க வைத்து, கிண்ணத்தை அவற்றின் மேல் அமர்த்தினேன். பிதுங்கி வெளியே வந்த சிலிகானை விரலால் வழிக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்; அதுவே பிறகு உதடு போல வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். வினிகர் நெடி அடங்க இரண்டு நாள் ஆயிற்று. தாளை உரித்தபோது தீக்குச்சியின் தடிமனில், கண்ணாடி போல் வழவழப்பான ஒரு வளையம் விளிம்பைச் சுற்றி உருவாகியிருந்தது. விரல் நகத்தால் அழுத்தினால் குழிந்து மீள்கிறது.

வளையம் வைத்த பல்பை ஒரு மாலை ஆறு மணிக்கு அதே தொட்டியில் ஒட்டினேன். இழுவைத் தராசில் பெரிய மாற்றம் இல்லை. 700 கிராம் காட்டியது. ஆனால் மறுநாள் காலை பதினொரு மணிக்கும் அது ஒட்டிய இடத்திலேயே இருந்தது, நானாகத்தான் கழற்றினேன். ஐந்து நிமிடத்துக்கும் பதினேழு மணி நேரத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மில்லிமீட்டர் சிலிகான். புதிதாகக் கழுவிய ஃபைபர் படகின் அடியில், துறைமுகத்தின் அமைதியான நீரில், ஒன்பது மணி நேரம் நின்றது. அதே படகு ஓடியபோது இரண்டரை மணி நேரத்தில் போய்விட்டது. நேரே இழுக்கும் விசையைத் தாங்கும் உறிஞ்சு கிண்ணம், ஈரப் பரப்பில் பக்கவாட்டாகத் தள்ளப்படும்போது வழுக்கிக்கொண்டே நகர்கிறது. நகரும் வழியில் ஒரு கீறலையோ பெயின்ட் மேட்டையோ சந்தித்தால் அங்கே கசிந்துவிடுகிறது. ஆகவே ஓடும் படகுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கூண்டின் பிளாஸ்டிக் குழாய்களில் இது பயன்படாது. கிண்ணம் தட்டை, குழாய் உருளை. மெல்லிய குழாயில் வளையம் வைத்தும் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை. மிகப் பருத்த குழாயில் நாற்பது நிமிடம் நின்றதே அதிகபட்சம். காங்கிரீட் தூணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆழம் பற்றி ஒரு தவறான எண்ணம் எனக்கும் இருந்தது. ஆழம் கூடக் கூட வெளியிலிருந்து அழுத்தம் கூடும், ஆகவே கிண்ணம் இன்னும் இறுகும் என்று நினைத்திருந்தேன். குமிழ் இல்லாத சாதாரணக் கிண்ணத்துக்கு அது ஓரளவு பொருந்தும். மேற்பரப்பில் எவ்வளவு முயன்றாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோவுக்கு மேல் உறிஞ்சல் கிடைக்காது, ஆழத்தில் அந்த எல்லை உயர்கிறது. ஆனால் பல்பில் உறிஞ்சலை உண்டாக்குவது நசுக்கிய ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலும் விசை மட்டுமே. ரப்பரின் வலிமை எட்டு மீட்டர் ஆழத்திலும் அதேதான். உள்ளே நீர் மட்டும் இருக்கும்வரை ஆழத்தால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

உள்ளே காற்று இருந்தால் நிலைமை வேறு. அதை நான் ஒரு கருவியை இழந்துதான் கற்றுக்கொண்டேன். எட்டு மீட்டர் ஆழத்தில் இருந்த கேமராப் பெட்டியின் அக்ரிலிக் பக்கத்தில் பல்பைப் பொருத்திவிட்டு, பெட்டியைக் கயிற்றில் மேலே ஏற்றச் சொல்லிச் சைகை காட்டினேன். பொருத்தும்போது குனிந்திருந்ததால் நான் விட்ட மூச்சுக் குமிழிகள் முகத்தைச் சுற்றி எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் சில கிண்ணத்துக்குள் புகுந்ததை நான் கவனிக்கவில்லை. பெட்டி மேலே போகப் போகச் சுற்றியுள்ள அழுத்தம் குறைந்தது. உள்ளே அடைபட்ட காற்று விரிந்தது. நசுங்கியிருந்த குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக உப்புவதை நான் கீழிருந்தே பார்த்தேன். முற்றிலும் உருண்டையானதும் கிண்ணம் சத்தமே இல்லாமல் விலகியது. கருவி என் கைக்கு எட்டாத தூரத்தில் புரண்டு புரண்டு இறங்கி, நீவாட்டோடு (கடல் நீரோட்டத்தோடு) போய்விட்டது. கலங்கிய நீரில் தேடிக் கிடைக்கவில்லை. அதன் பிறகு இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறேன். முதலாவது, பல்பை நீருக்குள் கவிழ்த்துப் பிடித்துக் குமிழை மூன்று நான்கு முறை அமுக்கி, குமிழியே வராத வரை நீரால் நிரப்பிய பிறகுதான் ஒட்டுவது. கவிழ்த்து என்றால் கிண்ணத்தின் வாய் மேலே இருக்கும்படி. இரண்டாவது, எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் ஒரு மெல்லிய நைலான் சரட்டால் கருவியை வேறு எதிலாவது கட்டி வைப்பது. ஒயருக்காகச் செய்த அந்தப் பக்கத் தண்டு சரடு கட்ட மிக வாகாக இருக்கிறது.

கழற்றும் முறையில்தான் இந்தப் பல்பு கடல் ஆய்வுக்கென்றே செய்த கருவிகளைவிடப் பின்தங்கி நிற்கிறது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிறுவனத்தில் மார்க் ஜான்சனும் பீட்டர் டயாக்கும் திமிங்கிலங்களுக்காக உருவாக்கிய ஒலிப்பதிவுக் கருவியும் கிண்ணங்களால்தான் ஒட்டுகிறது. ஆனால் அதில் ஒரு சிறு உலோகக் கம்பி இருக்கிறது. குறித்த நேரம் வந்ததும் அதில் மின்னோட்டம் பாய்ந்து, கடல்நீரிலேயே அரித்து அறுந்துபோகிறது. கிண்ணத்துக்குள் நீர் புகுந்து உறிஞ்சல் போய், கருவி மிதந்து மேலே வருகிறது. எப்போது விடுவது என்பதையும் ஆய்வாளரே முடிவு செய்கிறார். ஒட்டுவதில் உள்ள திறமையைவிட விடுவதில் உள்ள இந்தத் திறமையை நான் பெரிதாக மதிக்கிறேன். நம் பல்பு தன் விருப்பப்படி கழன்றுகொள்ளும். அதே சமயம், கழன்ற இடத்தில் கறையோ கீறலோ எதையும் விட்டுச் செல்வதில்லை. படகின் சொந்தக்காரர் அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டியதை நான் இந்தப் பொருளுக்குக் கிடைத்த நற்சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

துருவைப் பற்றி எச்சரிக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் நிக்கல் பூச்சு பக்கத் தண்டின் அடியில் கொப்புளித்தது. அதன் கீழிருந்து பித்தளையின் பச்சைக் களிம்பு எட்டிப் பார்த்தது. இரண்டாம் மாத முடிவில் இரண்டு கிண்ணங்களின் உட்புறம் முழுவதும் பச்சை. கருவியைத் தாங்குவதற்கு அதனால் இடையூறு இல்லை. சிலிகான் வளையம் உலோகத்திலிருந்து உரியத் தொடங்கும்போதுதான் தொல்லை. வளையம் வைப்பதற்கு முன் விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்த கிண்ணங்களில் உரியவில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவிக் குமிழுக்குள் இருக்கும் உப்புநீரையும் பிழிந்து வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் வெயிலில் வைத்த ஒரு குமிழ் கழுத்துப் பகுதியில் வெடித்துவிட்டது.

பாசியும் கொட்டலசும் (படகின் அடியில் ஒட்டி வளரும், கெட்டி ஓடுள்ள சிற்றுயிர்) இன்னொரு தடை. நீரில் இரண்டு நாள் கிடந்த பரப்பிலேயே மெல்லிய வழுவழுப்பு படிந்துவிடுகிறது. அதன் மேல் ஒட்டினால் கிண்ணம் பாசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பாசி படகைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஒட்டும் இடத்தை ஒரு துணியால் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துவிட்டு ஒட்டினால் நிற்கும் நேரம் பல மடங்கு கூடுகிறது. கொட்டலசு ஏறிய பரப்பில் முயற்சி செய்யாதீர்கள். அதன் கூரிய விளிம்பு சிலிகான் வளையத்தை ஒரே முறையில் கிழித்துவிடும்.

மருத்துவத்திலிருந்து கடலுக்கு வரக்கூடிய மற்றொரு பொருளான சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) பசையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 1942இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் எதிர்கொண்ட இந்த வேதிப்பொருள், பிறகு கடைப் பசையாக விற்பனைக்கு வந்தது; 1998இல் அமெரிக்காவில் காயங்களை மூடும் பசையாகவும் அனுமதி பெற்றது. ஈரம் பட்டதும் இறுகுவது அதன் குணம். ஆகவே நீருக்குள் அதன் கெட்டியான ஜெல் வகை வேலை செய்கிறது. ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு, அலையின் ஆட்டத்தைத் தாங்குவதில்லை, ஒருமுறை ஒட்டியதை மாற்றி வைக்கவும் முடியாது. நிரந்தரமாக ஒன்றைப் பதிக்க அது. மாலைக்குள் எடுத்துவிட இது.

வரப்போகும் கருவிகளில் ஒன்றையும் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜியோவானி டிராவெர்சோவின் குழு உருவாக்கி, 2025 ஜூலையில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஒட்டுக் கருவி அது. அடிப்படை நோக்கம் மருத்துவமே: சளி படிந்த குடல் சுவரில் நாள்கணக்கில் ஒட்டி நின்று மருந்தை விடுவது, அமிலம் மேலேறுவதை உணர்வது. முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது ஒட்டுமீன். சுறாவின் மேல் ஒட்டிப் பயணம் செய்யும் இந்த மீனின் தலையில் இருக்கும் வட்டு உண்மையில் உருமாறிய முதுகுத் துடுப்பு. நம் கடலோரத்தில் ஆமையின் ஓட்டில் இது ஒட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அதைப் பின்னோக்கி இழுத்தால் இன்னும் இறுகும், முன்னோக்கித் தள்ளினால் விட்டுவிடும் என்பது தெரியும். அதன் வட்டின் உள்ளே தனித்தனியே சாயக்கூடிய தகடுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. தகடுகளில் நுண்ணிய முட்கள் இருக்கின்றன. சுற்றிலும் மெத்தென்ற உதடு. ஆய்வாளர்கள் சிலிகான் வட்டில் இந்த அறைகளையும், வெப்பம் பட்டதும் வடிவம் மாறி முட்களை நீட்டும் உலோகக் கலவையையும் வைத்தார்கள். குடலுக்காகச் செய்த அதே வட்டில் வெப்பநிலை உணரியைப் பொருத்தி, நீந்தும் மீனின் உடலில் ஒட்டியும் சோதித்திருக்கிறார்கள். இது கடையில் கிடைக்கும் பொருள் அல்ல, ஆகவே மதிப்பிட வழியில்லை. ஆனால் அதன் வடிவமைப்பைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி தந்தது, என் கண்ணாடித் தொட்டியில் நான் தட்டுத்தடுமாறிக் கண்ட அதே உண்மை அங்கேயும் இருந்ததுதான்: ஒரே பெரிய கிண்ணம் ஓரிடத்தில் கசிந்தால் எல்லாம் போய்விடும், பல அறைகளாகப் பிரித்தால் ஒன்று கசிந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு நான் ஒரு கருவிக்கு ஒரு பல்பு என்பதை விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பட்டையில் மூன்று பல்புகளைப் பொருத்திப் பயன்படுத்துகிறேன். ஒன்று கழன்றாலும் மற்ற இரண்டும் நான் வந்து பார்க்கும்வரை தாங்கியிருக்கின்றன.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டும். திமிங்கிலத்தைப் பற்றியும் மீனைப் பற்றியும் இங்கே எழுதியதைப் படித்துவிட்டு, யாரும் இந்தப் பல்பைக் கடல்வாழ் விலங்குகளின் மேல் ஒட்டிப் பார்க்கக் கூடாது. கடற்பசுவும் கடலாமைகளும் திமிங்கிலங்களும் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்படுபவை. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென்றே 2022இல் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் மேல் கருவி பொருத்த அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கிண்ணங்கள், இரத்தக் கட்டு உண்டாகாத அளவுக்கு உறிஞ்சலை அளந்து செய்தவை. நம் கையில் இருப்பது அத்தகையது அல்ல; கூரான உலோக விளிம்புள்ள, ஆறு ஒரு பெட்டி எனக் கிடைக்கும் பொருள்.

வழவழப்பான, தட்டையான, துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய பரப்பில் அரை நாளுக்குள் முடியும் வேலை உங்களுக்கு இருந்தால், சிலிகான் வளையம் வைக்கும் பொறுமையும் இருந்தால், இந்த 540 ரூபாய் நியாயமான செலவு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்த நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். குஞ்சு பொரிப்பகம் வைத்திருப்போருக்கும், கண்ணாடித் தொட்டியில் ஆய்வு செய்யும் கல்லூரி மாணவர்களுக்கும் இது நன்றாக உதவும். கூண்டுக் குழாய்க்கு கேபிள் டையே போதும்.

வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டும் கடையாகப் பார்த்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பல்பையும் எடுத்து, விளிம்பில் விரல் நுனியைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள்; நசுங்கல் இருந்தால் விரல் உடனே சொல்லிவிடும். பிறகு விளிம்பைச் சற்று ஈரமாக்கி, கடையின் கண்ணாடி மேசையின் மேலேயே அமுக்கி விட்டு, மனத்துக்குள் அறுபது வரை எண்ணுங்கள். அதற்குள் கழன்றுவிடும் பல்பை அங்கேயே வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.